மூன்றாம் வருடத்துத் தட்டு: எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சாப்பாட்டுக் குறிப்புகள்

மதுரையிலோ கோவையிலோ எடைக் குறைப்பு ஆபரேஷன் முடித்துக்கொண்டு ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டிக்குத் திரும்புகிறவர் கையில் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். முதலில் தண்ணீராக இருப்பவை மட்டும், பிறகு மசித்தது, பிறகு குழைய வேகவைத்தது, இரண்டு மாதம் போல ஆனதும் வீட்டுச் சாப்பாடு. அந்தத் தாள் முடிந்ததும் பத்தியமும் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வருடம்தான் சுலபம். பசி எடுக்காது, நாலு வாய்க்கு மேல் இறங்காது, துணி தானாகத் தொளதொளக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் பசி மெல்லத் திரும்பும். முன்பு அடைத்ததெல்லாம் இறங்கும். விசாரிக்கவும் ஆள் இருக்காது.

சுவீடனில் 1987-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. அதில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் தங்கள் எடையில் சுமார் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. ஆக, கொஞ்சம் திரும்பி ஏறுவது எல்லோருக்கும் உள்ளதுதான். அந்தக் கொஞ்சத்தோடு நிறுத்தத்தான் கீழே உள்ள குறிப்புகள். இவை ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

1. உங்களுக்கு நடந்தது எந்த ஆபரேஷன் என்று பேர் தெரிந்து வைத்திருங்கள். 'வயித்தைச் சின்னதாக்கிட்டாங்க' என்று சொன்னால் போதாது. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல நீளமாக மிச்சம் வைத்திருப்பார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை. அதைச் சிறுகுடலில் கீழே கொண்டுபோய் இணைத்திருப்பார்கள். மினி பைபாஸ் இன்னொரு வகை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம் வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது, சத்துக் குறைபாடும் சீக்கிரம் வரும். கீழே வரும் குறிப்புகளில் சில ஒருவருக்குப் பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது.

2. சின்ன வயிறு அளவைத்தான் பார்க்கும், ரகம் பார்க்காது. மொத்தக் கட்டுரையிலும் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வேகவைத்த கோழி மூன்று துண்டு போனால் 'போதும்' என்கிற அதே வயிறு, காராச்சேவையும் மிக்சரையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். எச்சில் பட்டதும் கரைந்து வழுக்கிக்கொண்டு போகிற பண்டங்கள் அவை. பையில் தங்குவதே இல்லை. பால்கோவா, ஐஸ்கிரீம், ரஸ்க், கிரீம் பிஸ்கட் எல்லாம் இந்தக் கூட்டம்தான். நூறு கிராம் காராச்சேவு 500 கலோரிக்கு மேல். டிவி முன்னால் உட்கார்ந்தால் நூறு கிராம் எங்கே போனது என்றே தெரியாது. 'நான் சாப்பிடுறதே இத்துனூண்டு, அப்படியும் எடை ஏறுதே' என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்க்க வேண்டும். காராச்சேவுக்குச் சாத்தூர் பக்கத்தில், பால்கோவாவுக்குத் திருவில்லிபுத்தூர் அதைவிடப் பக்கத்தில். யார் எங்கே போய் வந்தாலும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்துவிடும். வந்ததை அன்றைக்கே பங்கு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

3. சோற்றைக் கடைசியில் வையுங்கள். நம் பழக்கம் முதலில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றி, தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சம். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் முட்டை, மீன், கறி, கெட்டிப் பருப்பு, சுண்டல் இவற்றில் எது இருக்கிறதோ அது. அடுத்து கூட்டு, பொரியல். இடம் மிச்சம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. இடம் இல்லையென்றால் சோறு இல்லாமலே எழுந்துவிடுங்கள். 'சோறு திங்காம எந்திரிக்கிறியே' என்று வீட்டில் பெரியவர்கள் புலம்புவார்கள். ஒரு மாதம் புலம்பிவிட்டு விட்டுவிடுவார்கள்.

4. தினம் 60 கிராம் புரதம் வேண்டும். இதைக் கணக்குப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். பசியை நம்பினால் 30 கிராம்கூடத் தேறாது. புரதம் குறைந்தால் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் சேர்ந்துதான். மாடிப்படி ஏறுவதற்குள் கால் நடுங்குவது அதனால்தான். நம் வீட்டுக் கணக்கில் ஒரு நாள்: காலையில் அவித்த முட்டை இரண்டு, 12 கிராம். பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர், 6. மதியம் மீனோ கோழியோ 100 கிராம், 22. கூடவே கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம், 5. சாயங்காலம் ஒரு கை பொரிகடலை, 6. ராத்திரி ஒரு முட்டையும் சின்னக் கிண்ணம் தயிரும், 9. கூட்டினால் 60. இதில் விலை கூடிய பொருள் மீனும் கோழியும்தான். கண்மாய் மீன் கிடைக்கிற நாளில் அதுவும் கட்டுப்படியாகும். முள் பார்த்துச் சாப்பிடுகிற மீனே நல்லது என்பேன், அவசரப்பட முடியாது. புரதப் பவுடர் டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை; டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

5. கவிச்சி தொடாதவர்களும் புரட்டாசி விரதக்காரர்களும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் திருவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பலர் மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை மூன்றையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் புரதம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் 25 கிராம் சோயா உருண்டை 13 கிராம் புரதம் தரும். பன்னீர் 50 கிராம் என்றால் 9. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பைக் குழம்பில் தண்ணியாகக் கரைக்காமல் கெட்டியாக வேகவைத்துக் கரண்டியால் சாப்பிடுங்கள். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு மாறி மாறிச் சுண்டலாக வரட்டும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதம் வேண்டாம். பால், பழம், மோர் உள்ள விரதமாக வைத்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

6. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளரைத் தொட வேண்டும். கூடவே குடித்தால் சாப்பாடு கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்ச்சி நிற்காது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடவும் கூடாது. நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். சித்திரை, வைகாசியில் தையல் மிஷின் முன்னாலோ தறிக்கூடத்திலோ உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு லிட்டர். ஒரே மூச்சில் முடியாது என்பதால் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து வாய் வாயாகக் குடியுங்கள். மோர், நுங்கு நல்லது. பதநீரும் பருத்திப்பாலும் இனிப்புக் கணக்கில் சேரும். கலர், சோடா இரண்டுக்கும் முழுக்கு. கேஸ் வயிற்றை உப்ப வைத்து வலிக்கச் செய்யும்.

7. மென்று தின்பது. ஒரு வாய்க்கு இருபது, இருபத்தைந்து தடவை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போல. நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தால் அதுதான் 'நிறுத்து' என்கிற சமிக்ஞை. தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து நாலு நடை நடங்கள். ஆட்டுக்கறி நார் நாராக இருப்பதால் அதிகம் அடைக்கும். கொத்துக்கறியாக வாங்கிக் குக்கரில் இரண்டு விசில் கூட விட்டால் தொந்தரவு இல்லை.

8. பரோட்டா பற்றிக் கேட்காதவர் கிடையாது. விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு பரோட்டாவைத் தொடாதே என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? முதல் வருடம் நிச்சயம் வேண்டாம்; மைதா மாவு உள்ளே போய்ப் பிசினாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். பிறகும் எண்ணெயில் பொரித்த பரோட்டா வேண்டவே வேண்டாம். குடும்பத்தோடு கடைக்குப் போனால் கரண்டி ஆம்லேட், ஆஃப்பாயில், சுக்கா இவற்றில் ஒன்றை முதலில் சொல்லிச் சாப்பிடுங்கள். அதற்கு மேல் பக்கத்து இலையிலிருந்து ஒரு விள்ளல் பரோட்டா எடுத்தால் குடி முழுகாது. சால்னாவில் ஊறவைத்துக் கரைய விட்டு விழுங்குவதுதான் ஆபத்து. அடைக்காமல் இறங்கிவிடும், எண்ணெயும் மாவும் கணக்கில்லாமல் போகும்.

9. டீயை எண்ணுங்கள். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர்ப் பக்கம் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கிற வீடுகளில் டீ வருகிற நேரம்தான் ஓய்வு நேரம். கூடவே வடையும் வந்துவிடும். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் நாளைக்கு ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன். இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் வாய்க்கு விளங்காது, பிறகு சர்க்கரை போட்ட டீதான் திகட்டும். வடையில் பருப்பு இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். எண்ணெயும் கூடவே இருக்கிறது.

10. கொறிப்பதை வேளையாக மாற்றுங்கள். நாளைக்கு மூன்று வேளை, இடையில் இரண்டு சிறு தீனி, அதற்கு மேல் வாய் மூடியிருக்க வேண்டும். பீஸ் கணக்கில் தைக்கிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது. மிஷின் மேலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நூல் கோக்கும்போது ஒன்று, ஊசி மாற்றும்போது ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எடை திரும்புவதில் பெரும்பங்கு இந்த வழியில்தான். பத்து நிமிடம் மிஷினை நிறுத்திவிட்டுத் தட்டில் போட்டுச் சாப்பிட்டால் நாலு பீஸ் குறையலாம், அவ்வளவுதான்.

11. பிள்ளை மிச்சம் வைத்தது உங்கள் பங்கு இல்லை. ருசி பார்ப்பதும் அப்படியே. அரைக் கரண்டி என்றாலும் நாளைக்குப் பத்து தடவை வரும்.

12. இனிப்பு. பைபாஸ் செய்தவர்கள் பால்கோவா இரண்டு ஸ்பூன் போட்டால், பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் விழுந்து தண்ணீரை இழுப்பதால் வருகிற தொல்லை அது. படுத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகும். அனுபவித்தவர்கள் இரண்டாம் தடவை இனிப்பைத் தொடவே யோசிப்பார்கள். ஸ்லீவ் செய்தவர்கள் பலருக்கு அந்தத் தண்டனை கிடைப்பதில்லை, எனவே அவர்கள்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மார்கழி 27-ல் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் கிடைத்தால் பிரசாதமாக விரல் நுனி அளவு போதும், தொன்னை முழுக்க வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் உடம்புக்கு நல்லதுதானே என்பவர்களுக்கு: உங்கள் சிறுகுடலுக்கு அவை எல்லாமே சர்க்கரைதான்.

13. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துத் திடீரென்று கை நடுக்கம், கண் இருட்டல், கொலைப்பசி வந்தால் அது வேறு. ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கிவிட்டது என்று பொருள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுகூட இது புதிதாகத் தொடங்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். அப்போதைக்குக் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், தெளிந்ததும் பொரிகடலையோ முட்டையோ. அடுத்த வேளையிலிருந்து சோற்றையும் இனிப்பையும் இன்னும் குறைக்க வேண்டும். மயக்கம் வருகிறதே என்று மிட்டாய் வைத்துக்கொண்டு சுற்றினால் நோய் வளரும். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

14. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துகிறவர்கள்தான் ஐந்தாம் வருடத்தில் ரத்தசோகையோடும் எலும்பு வலியோடும் வருகிறார்கள். மல்டிவிட்டமின், பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி ஆகியவை வழக்கமான பட்டியல். கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், உணவில் வருவதையும் சேர்த்து. மாத்திரையை ஒரே தடவையாக இல்லாமல் பிரித்துப் போட வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்குக் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாகச் சேரும். மெடிக்கலில் கேட்டு வாங்குங்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைச் சேர விடாது, நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவதும் வீண். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இவை இரண்டையும் நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்புத் தேவை அதிகம்: நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம். ஈரலும் சுவரொட்டியும் மாதத்தில் இரண்டு நாள் சமைத்தால் நல்லதுதான், ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

15. செறிவூட்டிய அரிசியில் பி12, இரும்பு எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு கிலோ அரிசிக்குப் பி12 சுமார் ஒரு மைக்ரோகிராம்தான் சேர்க்கிறார்கள். பிடி அளவு சோறு சாப்பிடுகிற உங்களுக்கு அதில் என்ன கிடைக்கும்? வாய்வழியாக எடுக்கச் சொல்லும் பி12 மாத்திரை அளவே நாளைக்கு 350 மைக்ரோகிராமுக்கு மேல்.

16. விருந்து. கல்யாண வீட்டிலும் குலசாமிக் கோயில் கெடாவெட்டிலும் இலையைப் பார்த்துத்தான் மரியாதையை அளப்பார்கள். உள்ளே போகும்போதே பரிமாறுகிறவரிடம் 'அண்ணாச்சி, சோறு வேண்டாம், கறி மட்டும் ரெண்டு துண்டு வைங்க' என்று சொல்லிவிடுங்கள். கல்யாணப் பந்தியில் கூட்டு, அவியல், பருப்பு, தயிர் போதும். அப்பளம் நொறுக்கிய பாயாசம் பக்கத்து இலைக்காரருக்கு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். 'வயிறு சரியில்லை' என்று பொய் சொன்னால் அடுத்த தடவை மறுபடி சொல்ல வேண்டும். 'மதினி, எனக்கு ரெண்டு வாய்தான் செல்லும், மிச்சத்தைத் தூக்குல போட்டுக் குடுங்க, ராத்திரிக்கு வச்சுக்கிறேன்' என்றால் அவர்களுக்கும் மனசு நிறையும். ஆபரேஷன் செய்ததை ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சமைத்துப் போடுகிற நாலு வீட்டுக்குத் தெரிந்தால் போதும்.

17. ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள் வேளையைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்காமல் விழித்த நேரத்தை வைத்துப் பாருங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வேளை, பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. டிபன் பெட்டியில் அவித்த முட்டை, சுண்டல், தயிர் இருந்தால் விடிகாலை நாலு மணி டீக்கடை பஜ்ஜிக்குக் கை போகாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்கக் கூடாது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது நெஞ்செரிச்சலுக்கு நேர்வழி.

18. சர்க்கரை, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அளவு குறைந்திருக்கும், சிலருக்கு நின்றே போயிருக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் வந்ததிலிருந்து வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பழைய அளவிலேயே தொடர்ந்து வந்தால், பழக்கதோஷத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் புதுச் சீட்டைக் காட்டி அட்டையில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு கால்வாசி, மாத்திரை முழுசு என்றால் மயங்கி விழ வேண்டியதுதான்.

19. தறியிலும் மிஷினிலும் உட்கார்ந்து வருகிற இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகள் (டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை) பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. குடல் இணைத்த இடத்தில் புண் வரும். பாராசிட்டமால் போதும். பீடி, சிகரெட்டும் அதே புண்ணைத்தான் உண்டாக்கும்.

20. தொடர்ந்து வாந்தி என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். இரண்டு மூன்று நாளாக எதுவும் தங்கவில்லை என்றால் உடம்பில் பி1 விட்டமின் வற்றிவிடும். அதன் மேல் நம்மூர் வழக்கப்படி ஒரு கிளினிக்கில் போய் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் மூளையையே பாதிக்கலாம். தயாமின் ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ் ஏற வேண்டும். 'எனக்கு எடை ஆபரேஷன் ஆகியிருக்கு, தயாமின் போட்டுட்டு ஏத்துங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கால் மரத்தாலோ தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

21. கல்யாணமான இளம்பெண்களுக்கு. ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகிக் கரு சட்டென்று தங்கும், அதனால் அசட்டை கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம், வேறு வழி கேளுங்கள். கர்ப்பமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். பைபாஸ் ஆனவர்கள் அதைக் குடிக்கும் முன் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். வேறு விதமாகப் பரிசோதிக்க வழி உண்டு. வளைகாப்புக்கு ஐந்து வகைச் சாதம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்.

22. முடி கொட்டுவது மூன்றாவது மாதத்திலிருந்து தொடங்கிச் சில மாதங்கள் இருக்கும், பிறகு முளைக்கும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் எண்ணெயை மாற்றாதீர்கள், புரதக் கணக்கையும் ரத்தப் பரிசோதனையையும் பாருங்கள்.

23. மது. பழைய அளவில் பாதி குடித்தாலும் சீக்கிரம் ஏறும், இறங்க நேரமாகும். ஆபரேஷனுக்கு முன் குடிக்காதவர்களுக்குக்கூடப் பின்னால் பழக்கமாகிவிடுவது உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். தொடாமல் இருப்பதே லாபம்.

24. வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், மாதம் ஒருமுறை என்றால் ஏறியதே தெரியாது. மிகக் குறைந்த எடையிலிருந்து இரண்டு மூன்று கிலோ ஏறி நின்றால் பதற வேண்டாம். ஐந்து கிலோவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஒரு வாரம் வாயில் போட்டதை எல்லாம், மிக்சர் உட்பட, பழைய டைரியில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம்; அந்த வெட்கத்தில் பத்து கிலோ கூடிவிடும். இந்தியாவில் 2025-ல் விற்பனைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளை யாரோ போட்டு இளைத்தார்கள் என்று தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

25. வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், கல்லீரல், சர்க்கரை. இதை ஆபரேஷன் நடந்த மாதத்திலேயே ஒவ்வொரு வருடமும் செய்துவிட்டால் மறக்காது. எல்லாம் ஒரே லேபில் கிடைக்காவிட்டால் மதுரைக்கு மறுபரிசோதனைக்குப் போகும் அன்றே எடுத்துக்கொள்ளலாம். பழைய ரிசல்ட் தாள்களை ஒரு ஃபைலில் வரிசையாக வையுங்கள். பி12 போன வருடம் 400, இந்த வருடம் 250 என்று இறங்கு முகம் தெரிந்தால், குறைபாடு வருவதற்கு முன்பே மருந்தைக் கூட்டிவிட முடியும்.

26. பர்ஸில் ஒரு சின்ன அட்டை: என்ன ஆபரேஷன், எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, போடக்கூடாத வலி மாத்திரைகள், குளுக்கோஸுக்கு முன் தயாமின். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்துகொள்ளுங்கள். ராத்திரி நேரத்தில் ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு 'அம்மாவுக்கு வயித்துல ஏதோ ஆபரேஷன்' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. வயிற்றில் உள்ள நாலைந்து சின்னத் தழும்பைப் பார்த்து டியூட்டி டாக்டர் அது பித்தப்பை ஆபரேஷன் என்றுகூட நினைத்துவிடலாம். அட்டையின் ஒரு நகலை வீட்டில் குடும்ப அட்டையோடு வையுங்கள், இன்னொன்றைப் பிள்ளையின் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.